'செகண்ட் கமிங்': நல்ல பாட்டுகள், தவறான ஆல்பம்

மான்செஸ்டரின் ராக் பேண்டான ஸ்டோன் ரோசஸ் முதல் ஆல்பத்தை 1989 மே மாதம் வெளியிட்டார்கள். இரண்டாவதான 'செகண்ட் கமிங்' 1994 டிசம்பரில்தான் வந்தது. தாமதத்துக்கு, பழைய ரெக்கார்ட் கம்பெனியான சில்வர்டோனோடு நடந்த வழக்கையே எல்லோரும் காரணம் சொல்வார்கள். ஆனால் 1991-லேயே கோர்ட் அவர்களை அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துவிட்டது, கெஃபன் கம்பெனியிலும் சேர்ந்துவிட்டார்கள். மிச்ச மூன்று வருடத்துக்கு வழக்கைக் கைகாட்ட முடியாது. முதல் ஆல்பத்தைத் தயாரித்த ஜான் லெக்கி பாதியில் விலகினார். பால் ஷ்ரோடர், பிறகு சைமன் டாசன் என்று கை மாறியது.

பெரிய சறுக்கல் முதல் பாட்டிலேயே தெரியும். 'பிரேக்கிங் இன்டூ ஹெவன்' 11 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது; முதல் நாலரை நிமிடம் தண்ணீர்ச் சத்தமும் கிட்டாரும்தான், குரலே கிடையாது. முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஐ ஆம் தி ரெசரக்‌ஷன்' பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அதிலும் நீண்ட வாத்தியப் பகுதி உண்டு. ஆனால் ரெனியின் டிரம்ஸ் தனியாகத் தொடங்கி, பாட்டு உச்சத்துக்குப் போய் முடிந்த பிறகுதான் அது வருகிறது; அதற்குள் நாம் மேலும் கேட்கத் தயாராகிவிடுகிறோம். இங்கே பாட்டு வருவதற்கு முன்பே பொறுமை போய்விடுகிறது.

அடுத்த காரணம் பாட்டு எழுதியவர்களின் பெயர்களில் இருக்கிறது. முதல் ஆல்பம் கிட்டாரிஸ்ட் ஜான் ஸ்கொயரும் பாடகர் இயன் பிரவுனும் சேர்ந்து எழுதியது. இதில் 12-ல் 9 பாட்டு ஸ்கொயர் மட்டும். லெட் ஸெப்பலின் என்ற ஹார்ட் ராக் பேண்டின் பாணியில் கனத்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு), அதன் மேல் சோலோ, அதன் மேல் இன்னொரு கிட்டார் என்று அடுக்கியிருக்கிறார். பிரவுனுடையது தாழ்ந்த, மெல்லிய குரல். 'குட் டைம்ஸ்' போன்ற ப்ளூஸ் பாட்டுக்குத் தொண்டையைத் திறந்து கத்த வேண்டும், அவரால் முடியவில்லை. பேண்டின் நான்கு பேர் பெயரும் இருக்கும் ஒரே பாட்டு 'டேபிரேக்'. அதில் மானியின் பேஸும் ரெனியின் டிரம்ஸும் முன்னால் வந்து இழுத்துப் போகின்றன. இந்த பேண்டின் உயிரே அந்த ஜோடிதான். மற்ற பாட்டுகளில் அவர்களைக் கிட்டாருக்கு அடியில் புதைத்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். 1995-லேயே ரெனி பேண்டை விட்டுப் போய்விட்டார்.

இவ்வளவுக்கும் தேறும் பாட்டுகள் நிறைய. 'லவ் ஸ்பிரெட்ஸ்' பிரிட்டனில் 2-ம் இடம் வரை போனது, அதற்குத் தகுதியானதுதான். 'டென் ஸ்டோரி லவ் சாங்' முதல் ஆல்பத்திலேயே இருந்திருக்கலாம்.

கேட்க ஒரு வழி சொல்கிறேன். 'டிரைவிங் சவுத்', 'ஸ்ட்ரெய்ட் டு தி மேன்', 'குட் டைம்ஸ்', 'டியர்ஸ்' நான்கையும் எடுத்துவிடுங்கள். 'டென் ஸ்டோரி'யை முதலில் வையுங்கள், 'டேபிரேக்' இரண்டாவது. 'பிரேக்கிங் இன்டூ ஹெவ'னை நாலரை நிமிடத்திலிருந்து தொடங்கி நடுவில் போடுங்கள். கடைசியில் 'லவ் ஸ்பிரெட்ஸ்' அப்படியே இருக்கட்டும். சுமார் 40 நிமிடம் வரும். சிடியில் கேட்பவர்கள் 12-வது டிராக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். 90-வது டிராக்கில் ஒளித்து வைத்திருப்பது சுருதி சேராத வாத்தியக் கூத்துதான்.