தூண் மாதிரி கால்

எனக்கு வயது 58. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 89 கிலோ. இரண்டு முட்டியிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரேயில் தெரிந்து நான்கு வருடமாகிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து கடைசியாக எப்போது எழுந்தேன் என்று கேட்டால் நினைவில்லை. எல்லாம் முட்டி வலியால்தான் என்று நானும் நினைத்தேன், வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். "உங்களுக்கென்ன அண்ணி, காலெல்லாம் தூண் மாதிரி இருக்கு" என்பாள் நாத்தனார்.

எடை குறைக்கலாம் என்று போன இடத்தில், "முதல்ல தசை எவ்வளவு இருக்குன்னு பார்த்துடலாம்மா" என்றார் பிசியோதெரபிஸ்ட். எனக்குச் சிரிப்பு வந்தது. 89 கிலோ உடம்பில் தசைக்கா பஞ்சம்?

முதலில் ஐந்து கேள்விகள். நாலரைக் கிலோ கனத்தைத் தூக்க, அறைக்குள் நடக்க, நாற்காலியிலிருந்து எழ, பத்துப் படி ஏற எவ்வளவு சிரமம். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 4 வந்தாலே மேற்கொண்டு பார்க்க வேண்டுமாம். எனக்கு 5. "இதில் பாதி முட்டி வலிக்காரர் எல்லாருக்கும் வருமே?" என்று கேட்டேன். "அதான் இதை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம்" என்றார். அந்தப் பதிலில்தான் அவர் மேல் நம்பிக்கை வந்தது.

அடுத்து கையில் ஒரு கருவியைக் கொடுத்து முழுப் பலத்தோடு அழுத்தச் சொன்னார். முட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாக்குச் சொல்ல வழியில்லை. 17 கிலோ காட்டியது. ஆசிய நாடுகளுக்கான 2019 வரையறைப்படி பெண்களுக்கு 18க்குக் கீழ் இருந்தால் வலு குறைவு.

அப்புறம் நாற்காலிச் சோதனை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் செயல்திறன் குறைவு என்று கணக்கு. மூன்றாவது முறை பாதி எழுந்தவள் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். அவர் கடிகாரத்தை நிறுத்தவில்லை. "வலிச்சதா, இல்ல தொடை தூக்கலையா?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். வலி இருந்தது, ஆனால் வழக்கமான வலிதான். என்னை உட்கார வைத்தது அது இல்லை; தொடை நடுங்கி விட்டுவிட்டது. இத்தனை வருடத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததே இல்லை. 19 நொடி.

கெண்டைக்காலை டேப்பால் அளந்தபோது 39 சென்டிமீட்டர். 33க்குக் கீழ் வந்தால்தான் தசை குறைவு என்பதால் எனக்கு நிம்மதி. அதற்கும் ஒரு கழித்தல் வைத்திருக்கிறார்கள்: பி.எம்.ஐ. (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 30க்கு மேல் 40க்குள் இருந்தால் அளவிலிருந்து 7 சென்டிமீட்டரைக் கொழுப்புக்காகக் கழிக்க வேண்டும். எனக்கு பி.எம்.ஐ. 35.7. ஆக, தூணில் மிஞ்சியது 32.

இதற்கு முன்பே ஒரு இடத்தில் மின்சார எடை மேடையில் ஏறி, 'தசை: இயல்பு' என்று அச்சடித்த தாள் வாங்கி வைத்திருந்தேன். அதைப் பெருமையாக நீட்டினேன். அது லேசான மின்சாரத்தை உடம்பில் செலுத்திப் போடும் கணக்கு. நீர் கோத்திருந்தால் அதையும் தசைக் கணக்கில் சேர்த்துவிடும், குண்டானவர்களுக்குக் கூட்டிக் காட்டவும் செய்யும் என்றார். அன்று எனக்குப் பாதம் வீங்கியிருந்தது. வயிறு முட்டத் தண்ணீரும் குடித்துவிட்டுப் போயிருந்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைசியாக டெக்ஸா ஸ்கேன். எலும்பு அடர்த்தி பார்க்கும் அதே இயந்திரம்தான். என் அகலத்துக்குப் பலகை போதாமல், கைகளை உடம்போடு ஒட்டித் துணியால் சுற்றிப் படுக்க வைத்தார்கள். வலி ஏதுமில்லை, கொஞ்சம் கூச்சம்தான். கை, கால் தசை சேர்த்து 16.5 கிலோ. உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 6.6, பெண்களுக்கு 5.4 இருந்தால் போதும் என்பதால் பாஸ். அதே 16.5ஐ உடல் எடையோடு ஒப்பிட்டால் 18.5 சதவீதம். உடல் பருமனோடு தசைக்குறைவையும் பார்க்க 2022இல் ஐரோப்பிய அமைப்புகள் தந்த பரிந்துரை எடையால்தான் வகுக்கச் சொல்கிறது. அதில் காட்டியுள்ள எல்லைகளில் ஒன்று பெண்களுக்கு 19.4. அதில் ஃபெயில். தசை அதேதான், வகுக்கும் எண்தான் வேறு. 89 கிலோவைச் சுமக்க வேண்டிய தசையை உயரத்தை மட்டும் வைத்து அளந்தால் எனக்கு என்ன பிரயோஜனம்? உங்கள் ரிப்போர்ட்டில் 'இயல்பு' என்றிருந்தால், எதால் வகுத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

எனக்குக் கொடுக்க வைத்திருந்த உணவுத் திட்டத்தை மாற்றினார்கள். வெறும் பட்டினியில் இறங்கும் எடையில் தசையும் சேர்ந்தே போகுமாம். புரதத்தைக் கூட்டினார்கள், அதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனை. வாரம் மூன்று நாள் தொடைப் பயிற்சி. உயரமான நாற்காலியில் தொடங்கி, பழகப் பழக உயரத்தைக் குறைப்பது.

மூன்று மாதம் ஆயிற்று. எடை 4 கிலோதான் குறைந்திருக்கிறது. வலி இருக்கிறது. போன வாரம் நாற்காலிச் சோதனையில் 14 நொடி, நடுவில் உட்காரவில்லை. டெக்ஸா மறுபடி எடுக்க இன்னும் நாளிருக்கிறது.