வன்னியிலிருந்து கிளவுட் நிர்வாகச் சான்றிதழுக்குப் படிப்போருக்கு

கிளிநொச்சியில் இருந்துகொண்டே அமேசான் கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிச் சேவை) நிர்வாகச் சான்றிதழுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். முன்னர் சிஸ்ஓப்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் எனப்பட்ட அப்பரீட்சை, 2025 முதல் கிளவுட்ஓப்ஸ் எஞ்சினியர் என்ற பெயரில் நடைபெறுகிறது. 130 நிமிடங்களில் 65 வினாக்கள். 1000க்கு 720 புள்ளிகள் பெற்றால் சித்தி.

மனனம் செய்து இதைத் தாண்டுவது கடினம் என்பதே என் எண்ணம். சேர்வருக்குக் காவலாக நிற்கும் இரண்டு அடுக்குகளைப் பாருங்கள். சேர்வரை ஒட்டி நிற்கும் செக்யூரிட்டி குரூப், தான் உள்ளே விட்ட கோரிக்கைக்கான மறுமொழியைத் தானாகவே வெளியே விடும். சேர்வர் இருக்கும் வலையமைப்புப் பகுதியின் எல்லையில் நிற்கும் அனுமதிப் பட்டியலான நெட்வொர்க் ஏசிஎல்லோ எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆகவே, புதிதாக உருவாக்கிய ஏசிஎல்லில் இணையப்பக்கக் கோரிக்கைகள் வரும் 443 ஆம் போர்ட்டை (எண்ணிட்ட இணைப்பு வாசலை) உள்வரவுக்குத் திறந்துவிட்டு, மறுமொழி செல்லும் 1024 முதல் 65535 வரையான போர்ட்டுகளை வெளிச்செல்கைக்குத் திறக்காமல் விட்டால், சேர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் இணையப்பக்கம் திறக்காது. வேண்டுமென்றே இப்படிப் பழுதாக்கி, பிறகு திருத்திப் பாருங்கள். வினாவை வாசிக்கும்போதே விடை பிடிபடும்.

அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச், சேர்வரின் சிபியூ பயன்பாட்டைத் தானே காட்டும். மெமரி பயன்பாட்டைக் காட்ட அதன் ஏஜெண்ட் என்ற சிறு மென்பொருளைச் சேர்வரில் நிறுவ வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். நிறுத்தி வைத்த சேர்வரின் வட்டுக்கும் கட்டணம் ஓடும், மறந்துபோன நேட் கேட்வேக்கு (உள் வலையமைப்புச் சேர்வர்கள் இணையத்துக்குச் செல்லும் வாயிலுக்கு) மணித்தியாலக் கணக்கில் ஓடும், அதுவும் டொலரில். பரீட்சைக் கட்டணமான 150 டொலரே நம் ஊர்ச் சம்பளத்துக்குப் பெரிய தொகை.