முளைக்கும் முடியைக் காக்கும் மருந்து

படர்தாமரைக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்களில் பலர், அரிப்பு நின்ற நாளிலேயே மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். அம்மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்பது தெரிந்திருந்தால் யாருக்கும் அப்படி நிறுத்தத் தோன்றாது என்றே நினைக்கிறேன்.

படர்தாமரைப் பூஞ்சைகள் கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று வாழ்பவை. தோலின் மேலடுக்கும் முடியும் நகமும் அப்புரதத்தால் ஆனவை. ரத்தம் ஓடாத, உயிரற்ற பகுதிகள். அங்கே குடியிருக்கும் கிருமியை ரத்தத்தில் கலக்கும் மாத்திரை எவ்வாறு எட்டும்?

இதற்கு முதலில் விடை தந்த மருந்து கிரிசியோஃபுல்வின். 1939இல் ஹரோல்ட் ரெய்ஸ்ட்ரிக்கின் ஆய்வுக்குழு அதை ஒரு பெனிசிலியப் பூஞ்சையிலிருந்தே பிரித்தெடுத்தது. ஆனால், வாய்வழியாகக் கொடுத்தால் படர்தாமரை குணமாகும் என்பதை ஜென்டில்ஸ் என்பவர் கினிப்பன்றிகளில் காட்டியது 1958இல்தான். முடியின் வேர்க்காலில் கெரட்டினை உருவாக்கும் செல்களுக்குள் இம்மருந்து புகுந்து, அவை முடியாக இறுகும்போது அதனுள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் புதிதாக முளைக்கும் முடியில் பூஞ்சையால் பரவ முடிவதில்லை. ஏற்கெனவே பீடிக்கப்பட்ட முடியோ வளர்ந்து வெளியேறியாக வேண்டும். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே வளர்வதால், குழந்தைகளின் தலையில் வரும் படைக்குப் பல வாரங்கள் மாத்திரை தேவைப்படுகிறது. களிம்பு வேர்க்கால்வரை போதிய அளவில் இறங்காது என்பதால் அங்கே அது மட்டும் போதாது.

பின்னர் வந்த டெர்பினாஃபின், இட்ராகொனசோல் ஆகியவை பூஞ்சையின் செல்சவ்வுக்கு இன்றியமையாத எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன. மனித செல்களில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்ட்ரால் என்பதால்தான், நம்மைப் பெரிதும் விட்டுவிட்டுப் பூஞ்சையை மட்டும் தாக்க முடிகிறது.

என்னை உண்மையில் கவலைகொள்ளச் செய்வது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள்தான். அவை சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடுகின்றன. தோலின் எதிர்ப்பு தணிந்த இடத்தில் பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. இந்தியாவில் டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்ற பூஞ்சை இன்று பரவலாகக் காணப்படுவதற்கு, இத்தகைய களிம்புகளையும் பூஞ்சை மருந்துகளையும் முறையின்றிப் பயன்படுத்துவதும் காரணம் என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆகவே படை மறைந்துவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவர் சொன்ன காலம்வரை மருந்தைத் தொடருங்கள். வீட்டில் வேறு யாருக்கேனும் படை இருந்தால் அவர்களுக்கும் அதே சமயத்தில் சிகிச்சை தொடங்குங்கள், ஒரே துண்டைப் பலர் பயன்படுத்த வேண்டாம்.