இண்டியானா ஜோன்ஸ் பாக்ஸ் செட்: எந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி ஹாரிசன் ஃபோர்டு நாயகனாக நடித்த இண்டியானா ஜோன்ஸ் படங்களின் டிஸ்க் தொகுப்பைப் பற்றிப் பார்வையாளர்கள் எழுதியிருப்பதை வரிசையாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். படம் பளிச்சென்று இருக்கிறது என்பார் ஒருவர். நிறத்தையே மாற்றிவிட்டார்கள் என்பார் இன்னொருவர். டிஸ்க் பாதியில் நின்றுவிடுகிறது என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருப்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் உண்மைதான். முதலாமவர் கையில் இருப்பது 2003 டிவிடி, அடுத்தவரிடம் 2012 ப்ளூரே, மூன்றாமவரிடம் 2021-இன் 4கே. விற்பனைத் தளங்கள் இந்தக் கருத்துகளை எல்லாம் ஒரே பக்கத்தில் கொட்டி வைத்துவிடுகின்றன. அதனால் ஒரு கருத்தைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நட்சத்திரத்தை அல்ல, அது எழுதப்பட்ட தேதியை.

2003 அக்டோபரில் வந்த டிவிடி பெட்டியில் நான்கு டிஸ்க். 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981), 'டெம்பிள் ஆஃப் டூம்' (1984), 'லாஸ்ட் குருசேட்' (1989) மூன்றும் தனித்தனி டிஸ்க்கில்; நான்காவது கூடுதல் காட்சிகளுக்கு. அழுக்கு, கீறல், ஆட்டம் எல்லாவற்றையும் லௌரி டிஜிட்டல் நிறுவனம் சட்டகம் சட்டகமாகத் துடைத்தெடுத்தது. அன்றைக்கு அது பெரிய காரியம். வீடியோ கேசட்டில் மட்டும் இந்தப் படங்களைப் பார்த்திருந்தவர்கள் அந்த டிவிடிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது நியாயமே. ஆனால் அந்தப் பாராட்டை இன்றைய பெரிய திரைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. 2.35:1 விகிதப் படம் (அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு) அமெரிக்க டிவிடியில் ஏறக்குறைய 363 கிடைமட்டப் புள்ளி வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதே படம் ப்ளூரேயில் 817 வரி, 4கேயில் 1634 வரி. 55 அங்குலத் திரையில் டிவிடியைப் போட்டால் தூரக் காட்சிகளில் முகங்கள் கரைவதற்கு இதுவே காரணம், டிஸ்க்கில் கோளாறு எதுவும் இல்லை.

அந்தப் பெட்டியின் இரண்டு பதிப்புகளைப் பிரித்தறியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஒன்று வைட்ஸ்கிரீன், மற்றது ஃபுல்ஸ்கிரீன். ஃபுல்ஸ்கிரீனில் பழைய சதுர டிவியை நிரப்புவதற்காகப் படத்தின் இரு ஓரங்களையும் வெட்டியிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அகலத்தில் சுமார் 43 சதவீதம் போய்விடுகிறது. டக்ளஸ் ஸ்லோகோம்ப் ஒளிப்பதிவு செய்த படங்கள் இவை, மூன்றுமே. சட்டகத்தின் ஒரு ஓரத்தில் நிழலையும் மறு ஓரத்தில் ஆளையும் வைப்பது அவர் பழக்கம். அந்த ஓரங்களை இழந்தால் படத்தையே இழந்த மாதிரி. ஃபுல்ஸ்கிரீன் பெட்டியை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் நான்காவது டிஸ்க்குக்காக மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

அந்த நான்காவது டிஸ்க் நிஜமாகவே பொக்கிஷம். மூன்று படங்களின் உருவாக்கம் பற்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆவணப்படம். ஸ்டண்ட், ஒலி, இசை, சிறப்புக் காட்சி என்று தனித்தனிப் பகுதிகளும் உண்டு. ஒலிப் பகுதியை யாரும் தவறவிடக் கூடாது. உருண்டு வரும் அந்தப் பெரிய பாறையின் சத்தம், சரளைக்கல் சரிவில் எஞ்சினை அணைத்து உருளவிட்ட ஹோண்டா சிவிக் காருடையது. பேழையின் கல்மூடி நகரும் ஓசை, கழிவறைத் தண்ணீர்த் தொட்டியின் பீங்கான் மூடி. பாம்புகள் நெளியும் சத்தத்துக்குச் சீஸ் சேர்த்த உணவைக் கையால் பிசைந்திருக்கிறார் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட். இதைத் தெரிந்துகொண்டு படத்தை மறுபடி பார்த்தால் காது தானாகக் கூர்மையாகிறது.

இந்தப் பெட்டி மீது பலரும் சொல்லும் குறை, இயக்குநரின் கமெண்டரி, அதாவது படம் ஓடும்போதே அவர் பேசும் விளக்கம், இல்லை என்பது. ஸ்பீல்பெர்க் தன் படங்களுக்குக் கமெண்டரி பேசுவதில்லை என்பதில் உறுதியாக இருப்பவர். எனவே அது பெட்டி தயாரித்தவர்களின் கஞ்சத்தனம் அல்ல; பின்னால் வந்த பதிப்புகளிலும் அது கிடையாது. 2008-இல் நான்காம் படம் வந்த சமயத்தில் மூன்று டிஸ்க் தொகுப்பு ஒன்று மறுபடி வெளியானது. புதிதாகச் சில அறிமுகங்களும் சிறு படங்களும் சேர்ந்தன. 2003-இன் நான்காவது டிஸ்க் அதில் இல்லை. பழைய பெட்டி தேடுகிறவர்கள் டிஸ்க்கை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும்.

பாம்புக் குழிக் காட்சியில் ஹாரிசன் ஃபோர்டுக்கும் நாகத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. தியேட்டர் பிரதியில் நாகத்தின் பிம்பம் அதில் தெரியும். 2003-இல் அந்தப் பிம்பத்தை டிஜிட்டலாக அழித்துவிட்டார்கள். ஒரு நொடிக் காட்சிதான், ஆனால் 1981-இல் எடுத்தது எடுத்தபடியே இருக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. அழுக்கைத் துடைப்பது வேறு, படப்பிடிப்பில் பதிந்ததை அழிப்பது வேறு. அதே நேரத்தில், பெட்டியின் அட்டையில் முதல் படத்தின் பெயருக்கு முன்னால் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட்' என்று சேர்த்திருப்பதைப் பார்த்துப் படத்துக்குள்ளும் தலைப்பை மாற்றிவிட்டதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. திரையில் பழைய தலைப்பே வருகிறது.

2012 செப்டம்பரில் வந்த ப்ளூரே பெட்டியில் நான்கு படங்கள், ஐந்து டிஸ்க். 'ரெய்டர்ஸ்' மட்டும் மூல நெகட்டிவிலிருந்து (கேமராவில் ஓடிய அசல் பிலிம்) 4கே தரத்தில் புதிதாக ஸ்கேன் ஆனது. நிறச் சண்டை இதிலிருந்துதான் கிளம்பியது. தோலும் மணலும் பொன்னிறத்துக்குச் சாய்ந்திருந்தன. பாலைவனக் காட்சிகளில் இது பொருந்திப்போகிறது, கல்லூரி வகுப்பறைக் காட்சியில் உறுத்துகிறது. இரண்டாம், மூன்றாம் படங்களுக்கு அந்த அளவு வேலை நடக்கவில்லை. ஒரே பெட்டிக்குள் முதல் படம் கூர்மையாகவும் மற்றவை ஒரு படி மங்கலாகவும் தெரிவது அதனால்தான்.

2021 ஜூனில் வந்த 4கே பெட்டி இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்தது. பொன்னிறம் மட்டுப்பட்டது. வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் நுணுக்கத்தோடு காட்டும் டால்பி விஷனில் தீப்பந்தக் காட்சிகளுக்கு ஓர் ஆழம் வந்திருக்கிறது. 'டெம்பிள் ஆஃப் டூம்' சுரங்கத்தின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். முதல் மூன்று படங்களில் இந்தப் பதிப்பால் அதிக லாபம் அடைந்தது அந்தப் படம்தான். ஆனால் கூர்மை கூடியதும் ஒட்டுவேலையும் வெளியே தெரிகிறது. சுரங்க வண்டித் துரத்தல், 'லாஸ்ட் குருசேட்' விமானக் காட்சி போன்ற இடங்களில் படம் திடீரென்று மென்மையாகி, மணிமணியாகப் புள்ளிகள் எழும். தனித்தனியாக எடுத்த பிலிம்களை ஒன்றின்மேல் ஒன்றாக மறுபதிவு செய்து சேர்த்த காலம் அது. ஒவ்வொரு மறுபதிவிலும் கிரெயின் எனப்படும் அந்தப் பிலிம் புள்ளிகள் கூடும், விளிம்பு தெரியும். இதை ரீமாஸ்டரின் (டிஸ்க்குக்காகப் படத்தைப் புதுப்பித்த வேலையின்) குறையாக எழுதுவது தவறு, நெகட்டிவிலேயே இருப்பது அது.

'டெம்பிள் ஆஃப் டூம்' பற்றிய கருத்து இந்தியப் பார்வையாளர்களிடம் எப்போதும் இரண்டாகப் பிரிந்துதான் இருக்கும். இந்தியாவில் படப்பிடிப்புக்கு அனுமதி கிடைக்காமல் இலங்கையில் கண்டிப் பகுதியில் எடுத்தார்கள். வட இந்தியக் கிராமம் என்று காட்டப்படும் இடத்தில் மக்கள் சிங்களம் பேசுகிறார்கள். பாம்பும் குரங்கு மூளையும் பரிமாறும் அரண்மனை விருந்துக் காட்சி அவமதிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்ரிஷ் பூரியின் வில்லன் பாத்திரம் மோலா ராம் மட்டும் அத்தனைக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கிறது. இன்னொரு விஷயம்: பிரிட்டனில் இந்தப் படம் தணிக்கையில் வெட்டுப்பட்டது. அங்கே வெளியான டிவிடியிலும் அந்த வெட்டு தொடர்ந்தது, 2012 ப்ளூரேயில்தான் முழுப்படம் வந்தது. நெஞ்சைப் பிளக்கும் காட்சி சட்டென்று தாவினால், கையில் இருப்பது அந்தப் பழைய பிரதி.

ஐரோப்பிய டிவிடிகளில் நேரம் குறைவாகக் காட்டினால் உடனே வெட்டு என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஐரோப்பாவின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 24 சட்டகத்தை 25 ஆக ஓட்டுவார்கள். 115 நிமிட 'ரெய்டர்ஸ்' சுமார் 110 நிமிடத்தில் முடிந்துவிடும். வேகம் 4 சதவீதம் கூடுவதால் ஜான் வில்லியம்ஸின் இசையும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு மேலேறி ஒலிக்கும். சுருதி தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

படம் சரியில்லை என்று எழுதுகிறவர்களில் பலர் டிவி அமைப்பைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அசைவை மென்மையாக்கும் வசதியை முதலில் அணைக்க வேண்டும், இல்லையென்றால் லாரித் துரத்தல் சீரியல் மாதிரி வழுக்கும். பிளேயரிலும் டிவியிலும் ஹெச்டிஎம்ஐ கறுப்பு அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று முழு வீச்சு, மற்றது குறுகிய வீச்சு என்றிருந்தால் குகைக் காட்சிகள் வெளுக்கும், அல்லது நிழலுக்குள் இருப்பதெல்லாம் மறைந்துபோகும். ஒலிக்குப் பிளேயரில் பிட்ஸ்ட்ரீமை (டிஸ்க்கின் ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் அமைப்பு) தேர்ந்து, கூடுதல் ஒலியைக் கலக்கும் செகண்டரி ஆடியோவை அணைத்துவிடுங்கள். சுற்றிலும் மேலேயும் ஒலிக்கும் டால்பி அட்மாஸ் வரவில்லை என்று புலம்புகிறவர்கள், டிவியிலிருந்து சவுண்ட்பாருக்குச் சாதாரண ஏஆர்சி (ஹெச்டிஎம்ஐ கம்பி வழியே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக இணைத்திருக்கிறார்களா என்று பார்க்கட்டும். டிஸ்க்கில் உள்ள ட்ரூஹெச்டி ஒலி அதில் போகாது, அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி வேண்டும்.

டிஸ்க் நிற்பது 4கே பெட்டிகளில் அடிக்கடி வரும் புகார். அட்டைப் பைக்குள் செருகி வைக்கும் பெட்டிகளில் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அட்டைத் தூள் டிஸ்க்கில் உரசுகிறது. டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கும், ப்ளூரேயிலும் 4கேயிலும் வெறும் 0.1 மி.மீ. மேலே உறுதியான பூச்சு இருந்தாலும் ஒரு விரல்ரேகை போதும், பிளேயர் திணறும். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக வேண்டாம். தகவல் சுருள்பாதையில் பதிந்திருப்பதால், வட்டமாக விழும் கீறல் ஒரே பாதையின் நீண்ட பகுதியைக் கெடுத்துவிடும்; பிழைதிருத்தத்தால் அதை ஈடுகட்ட முடியாது. குறுக்குக் கீறல் என்றால் ஒவ்வொரு பாதையிலும் துளிதான் போகும். துடைத்த பிறகும் அதே நிமிடத்தில் நின்றால் வேறொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே இடத்தில் நின்றால் டிஸ்க்கை மாற்றித்தான் ஆக வேண்டும். அங்கே தடையில்லாமல் ஓடினால், உங்கள் பிளேயரின் ஃபர்ம்வேரை (அதை இயக்கும் உள் மென்பொருள்) புதுப்பித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.