பால் கணக்கில் தொடங்கிய மினி ப்ராஜெக்ட்

இரண்டாம் ஆண்டில் மினி ப்ராஜெக்ட் கேட்டபோது வகுப்பில் பாதிப் பேர் நூலக நிர்வாகம், மருத்துவமனை நிர்வாகம் என்று தலைப்பு எடுத்தார்கள், பலருக்கு லாகின் பக்கத்திலேயே மூன்று வாரம் போய்விட்டது. எனக்கு பேக்கெண்ட், அதாவது சர்வரில் ஓடி தகவலைச் சேமித்துவைக்கும் பகுதி, ஒரு வரிகூடத் தெரியாது. அம்மா காலண்டரில் குறித்துவைக்கும் பால் பாக்கெட் கணக்கை எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றை மட்டும் வைத்துச் செய்தேன். பேக்கெண்ட் தெரியவில்லையே என்று தயங்கி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தகவலைச் சேமிக்க பிரவுசரிலேயே லோக்கல் ஸ்டோரேஜ் இருக்கிறது. சுமார் 5 எம்பி இடம், பால் கணக்குக்குத் தாராளம். ஆனால் நீங்கள் எண்ணைக் கொடுத்தாலும் அது எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும், அதனால் 2 பாக்கெட்டும் 3 பாக்கெட்டும் கூட்டினால் 5 வராமல் 23 வந்தது, ஒரு மாலை முழுக்க அதைத் தேடினேன். வைக்கும்போது ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை போட்டு எழுத்தாக்கி வையுங்கள், எடுக்கும்போது ஜேசன் பார்ஸ் போட்டுப் பழையபடி எண்ணாக மாற்றி எடுங்கள், இன்புட் பெட்டியில் வருவதையும் முதலிலேயே எண்ணாக மாற்றிவிடுங்கள்.

விலைப் பட்டியலைத் தனி ஜேசன் ஃபைலில் வைத்து, ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் மூலம் அதை எடுத்தேன். எச்டிஎம்எல் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் பிரவுசர் அதை அனுமதிக்காது, கன்சோலில் சிவப்பாக எரர் வரும். கோடில் தப்பு இல்லை. கோட் எழுதும் விஎஸ் கோட் எடிட்டரில் லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன் போட்டு அதில் திறந்தால் போதும்.

அப்புறம் இணையத்தில் எல்லோரும் பார்க்க, வலைப்பக்கங்களை வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினேன், காசு கிடையாது. விண்டோஸில் நன்றாகத் தெரிந்த படம் அங்கே வரவில்லை, காரணம் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, கோடில் சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், கிட்ஹப் பேஜஸ் எடுத்துக்கொள்ளாது. இன்னொன்று, பலர் கவனிக்காதது: உங்கள் ஒரே கணக்கில் ஏற்றும் எல்லா ப்ராஜெக்டும் வழக்கமாக ஒரே டொமைனில்தான் இருக்கும், லோக்கல் ஸ்டோரேஜும் அவற்றுக்குப் பொது. இரண்டு ப்ராஜெக்டிலும் தகவலைச் சேமிக்கும் பெயரை, அதாவது கீயை, 'டேட்டா' என்றே வைத்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும், ப்ராஜெக்ட் பெயரைச் சேர்த்தே கீ வையுங்கள்.

லாகின் மட்டும் வைக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய பாஸ்வேர்டை எஃப்12 அழுத்தி பக்கத்தின் கோடைத் திறக்கத் தெரிந்த யாரும் படிக்கலாம், வெளிச் சேவைகளைப் பயன்படுத்தத் தரும் ரகசிய ஏபிஐ கீக்கும் இதே கதிதான்.

வாய்மொழித் தேர்வான வைவாவில் "டேட்டா எங்கே இருக்கிறது?" என்றுதான் முதல் கேள்வி வந்தது. குரோமில் எஃப்12 திறந்து, அப்ளிகேஷன் டேபில் ஒவ்வொரு நாள் கணக்கையும் காட்டினேன். பிரவுசர் டேட்டாவை அழித்தால் என்ன ஆகும் என்றார் தேர்வாளர், எல்லாம் போய்விடும், அதனால்தான் ஃபைலாக இறக்கிவைக்க ஒரு பட்டன் வைத்திருக்கிறேன் என்றேன். எதைச் செய்ய முடியாது என்று தெரிந்துவைத்திருப்பதும் அங்கே மதிப்பெண்தான்.

வீட்டில் அம்மா போனில் போட்ட கணக்கு அப்பா போனில் தெரியவில்லை. தெரியாது, ஒவ்வொரு பிரவுசரும் தனித்தனி. எனக்கு பேக்கெண்ட் எதற்கு என்பது அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. அடுத்த செமஸ்டரில் அதைப் படிக்க உட்கார்ந்ததும் முதலில் போட்ட டேட்டாபேஸ் டேபிளும் இதுதான்: தேதி, பாக்கெட், விலை, யார் எழுதியது.