கோப்பி பூக்கும் முன்னே

பெப்ரவரி 8
பண்டாரவளைப் பக்கம் காலைப் பனி விட்டபாடில்லை. தேனீப் பெட்டிக்குள் குஞ்சு அறைகளுக்கு ஏறக்குறைய 35 பாகை சூடு வேண்டும், குளிரில் மூடியைத் தூக்கினால் அது போய்விடும். வெயில் ஏறிய பிறகே திறந்தேன். ஓரத்துச் சட்டங்களில் தேனீயே இல்லை. கறுத்த அடை (மெழுகுக் கூடு) ஒன்றில், அதைத் தின்னும் மெழுகுப் பூச்சியின் புழு நூல் இழுத்துப் போயிருந்தது. அவற்றை எடுத்துவிட்டு, மற்றச் சட்டங்களை நெருக்கி வைத்தேன்.

பெப்ரவரி 15
தேனீக்களுக்கு இரையாகச் சீனிப் பாகு: சீனியும் தண்ணீரும் சரிபாதி. பொழுது சாய்ந்துதான் வைப்பேன். பகலில் வைத்தால் பலமான பெட்டியின் பூச்சிகள் மெலிந்த பெட்டியைச் சூறையாடிவிடும். "பசி வந்தால் நம் ஊர்த் தேனீ கூட்டோடு கிளம்பிவிடும்" என்று வீட்டில் விளக்கினேன். "அப்ப தேத்தண்ணிக்குச் சீனி?" என்றாள்.

மார்ச் 1
நல்ல மழை. கோப்பி மொட்டு வீங்கியிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் போதும். லயத்து அக்கா ஒருவர் பெட்டிக்கு எட்ட நின்று, "தம்பி, மலையில கொழுந்து எடுக்கிறப்ப கொட்டுற குளவியா இது?" என்றார். "இல்லக்கா, அது பெரிய சாதி. பாறையிலயும் உசந்த மரத்திலயும் ஒரே அடையாத் தொங்கும்." நம்பினாரோ என்னவோ.

மார்ச் 9
கோப்பி வெள்ளையாகப் பூத்துவிட்டது. பூச்சிகள் காலில் மகரந்த உருண்டையோடு வாசலில் முட்டி மோதுகின்றன. ஒரு பெட்டியில் ஆண் குஞ்சு அறைகள், ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஊசி குத்தியதுபோல ஒரு துளை. ஆண்கள் பெருகினால், கூட்டம் இரண்டாகப் பிரியப் பார்க்கிறது என்று அர்த்தம். சீனிப் பாகை நிறுத்தினேன்.

மார்ச் 16
நினைத்த மாதிரியே. அடையின் கீழ் விளிம்பில் இராணி அறைகள் தலைகீழாகத் தொங்கின. ஒன்றின் நுனியில் மெழுகைச் சுரண்டி எடுத்திருந்தன, உள்கூடு பழுப்பாகத் தெரிந்தது. உள்ளே இருக்கும் புது இராணி வெளிவர அதிக நாளில்லை. பழைய இராணியைச் சட்டத்தோடு தூக்கி, பாதிக் குஞ்சும் தேனும் சேர்த்துப் புதுப் பெட்டிக்கு மாற்றி, தோட்டத்தின் மறுகோடியில் வைத்தேன். இரை தேடும் பூச்சிகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், அதனால் புதுப் பெட்டிக்கு இளம் பூச்சிகளைக் கூடுதலாக உதறிவிட்டேன். தாய்ப் பெட்டியில் அந்த ஒரு அறையை விட்டு, மற்றதையெல்லாம் நறுக்கியாயிற்று. நாலைந்தை விட்டால் கூட்டம் மறுபடி மறுபடி பிரிந்து, கடைசியில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். அப்புறம் பெட்டிக் கால்களின் கீழுள்ள சிரட்டைகளில் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர் ஊற்றினேன்.

மார்ச் 24
தாய்ப் பெட்டியைத் திறக்கவில்லை. புது இராணி ஆண்களைத் தேடிப் பறக்கும் நாட்கள், கிண்டினால் கெட்டுவிடும். மாமா ஒரு போத்தல் தேன் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். யூக்கலிப்டஸ் பூக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.