போடிமெட்டு ஜீப்பின் பின் ஆக்சில்

போடியில் ஜீப் மெக்கானிக் வேலை பார்க்கிறவனுக்குப் பிரேக் வேலை என்றால் உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கும், இருக்கவும் வேண்டும். விடியும் முன்னே ஏலத்தோட்டத்துக்குக் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்த வண்டிகள் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும், சாயங்காலம் அதே 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் நம் தெரு அக்காமார்.

அன்று வந்தது பழைய மகிந்திரா சிஜே 3பி. "அண்ணே, பிரேக்க மிதிச்சா வலது பக்கம் இழுக்குது. லைனிங்கும் ஆயில் சீலும் மாத்தி மூணு மாசம்கூட ஆகல" என்றார் டிரைவர்.

இடது பின்சக்கரத்தைக் கழற்றியதுமே கியர் ஆயில் வாடை. இந்த ஆக்சிலில் சக்கரம் மாட்டும் ஹப், ஷாஃப்டின் கூம்பு முனையைக் கவ்விக்கொண்டு இருக்கும். சுத்தியலால் அடித்துப் பிடுங்கப் பார்த்தால் பேரிங் போய்விடும், இழுத்துக் கழற்றும் புல்லர்தான் போட வேண்டும். நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மரை விட்டுவைத்து, புல்லரை இறுக்கி, கொஞ்சம் காத்திருந்து மறுபடி இறுக்கினேன். 'டம்' என்று துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம். அந்த நட் இல்லாவிட்டால் ஹப்பும் டிரம்மும் சேர்ந்து நெஞ்சுக்கு வந்திருக்கும்.

டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் ஆயிலில் ஊறிக் கறுத்துப் பளபளத்தது. தூசியை ஏர் அடித்து ஊதப் போன பட்டறைப் பையனைத் தடுத்து ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன், பழைய லைனிங் தூளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீலைப் பார்த்தால் நிஜமாகவே புதுசு, உதடுகூடத் தேயவில்லை. அப்புறம் ஏன் ஒழுகுகிறது? ஆக்சில் ஹவுசிங் மேலே இருக்கும் காற்றுப்போக்கியான பிரீதரைத் துடைத்தபோதுதான் தெரிந்தது, தோட்டத்துச் செம்மண் அடைத்துக் கல்லாகியிருந்தது. மலை ஏறும்போது உள்ளே ஆயில் சூடாகும், காற்று விரியும், போக வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் ஆயிலோடு வரும். இதைப் பார்க்காமல் எத்தனை சீல் மாற்றினாலும் காசுதான் தண்டம்.

பேரிங்கிலும் குழி விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் புது பேரிங், புது சீல், லைனிங்கும் ஜோடியாகத்தான். ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சொல்லி வருகிறவர்களிடம் நான் வேலையே எடுப்பதில்லை. பொறுமை வேண்டியது ஷிம் வைக்கிற இடத்தில். ஷாஃப்டின் முன்பின் ஆட்டம் 0.001 அங்குலத்திலிருந்து 0.006க்குள் நிற்க வேண்டும், அதற்கு பிரேக்கைத் தாங்கும் பேக் பிளேட்டுக்குப் பின்னால் காகிதம் மாதிரி மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் பார்க்க வேண்டும். டயல் கேஜ் 0.004 காட்டுவதற்குள் மதியச் சாப்பாடு ஆறிவிட்டது.

வீல் சிலிண்டர் ரப்பர்களை பிரேக் ஆயிலில் மட்டும்தான் கழுவினேன். டீசல் பட்டால் ஊதிப்போகும். இந்த வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே லைன், ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நாலு பிரேக்கும் போச்சு. மாஸ்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் ஆரம்பித்து, பையன் மிதிக்க மிதிக்க, குமிழி நிற்கும்வரை லைனுக்குள் இருந்த ஏரை எடுத்தோம்.

டிரைவரோடு நானும் மெட்டுவரை போய்த் திரும்பினேன். மலையடிவாரத்து முந்தலில் இறங்கி இரண்டு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் காட்டிப் பார்த்தேன், இரண்டிலும் ஒரே அளவு சூடு. பத்து நாள் கழித்து அந்த வண்டி பட்டறைப் பக்கம் வந்தபோது நிறுத்தச் சொல்லி, குனிந்து இடது பேக் பிளேட்டின் அடியை விரலால் தடவினேன். காய்ந்த செம்மண் மட்டும் ஒட்டியது.